திருவேட்டக்குடியில் ஒரு கொடுவாவும் என் பழைய பொய்யும்

போன வருடம் இந்த வலைப்பதிவில் ஒரு படம் போட்டிருந்தேன். இரண்டு கைகளிலும் ஒரு கொடுவா மீனை ஏந்திக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி நிற்கிறேன். எடை நான்கு கிலோ முந்நூறு கிராம். ‘திருவேட்டக்குடி முகத்துவாரம், காலை ஆறரை மணி, நாற்பது நிமிடப் போராட்டம்’ என்று கீழே எழுதியிருந்தேன். பலர் பாராட்டினீர்கள். நான் வேதியியல் நடத்தும் பள்ளியில் தலைமையாசிரியர் அந்தப் படத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினார்.

அந்த மீனை நான் பிடிக்கவில்லை. காரைக்கால் மார்க்கெட்டில் வாங்கினேன். அன்று விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை முகத்துவாரத்தில் தூண்டில் போட்டு, ஒரு கடிகூட இல்லாமல் திரும்பும் வழியில் அது கண்ணில் பட்டது. சமைக்கத்தான் வாங்கினேன். வாங்கிய பிறகு என்ன தோன்றியதோ, நேரே கடற்கரைக்குப் போய், நடக்க வந்த ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். நான்காவது முறையாக வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. ஆறரை மணிச் சூரியன் அவ்வளவு உயரத்தில் இருக்காதே என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே தப்பித்திருப்பேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பெயர் செலின். வயது அறுபத்தொன்று. காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருபது வயதில் பிரான்சுக்குப் போய், அங்கே ஒரு மருத்துவமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். சொந்த வீட்டைப் பழுதுபார்க்க ஆறு வாரம் வந்திருந்தார். ‘அங்கே முப்பது வருடமாகக் கடற்கரையில் நின்று மீன் பிடிக்கிறேன். நம் ஊர்க் கொடுவாவை மட்டும் பிடித்ததில்லை. நீங்கள் பிடித்த இடத்துக்கு என்னை அழைத்துப் போவீர்களா?’ என்று கேட்டிருந்தார்.

முடியாது என்று எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ஐந்தாவது முறை ‘கட்டாயம் போகலாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். புகழ் ஆசை அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. இந்தப் பயணம் முழுக்க என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்றுதான்: இந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடுமா?

பங்குனியில், பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு கிளம்பினேன். நான் இருக்கும் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகூர் வழியாகக் காரைக்கால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மாலை நாலு மணிப் பேருந்து, டிக்கெட் எண்பத்தைந்து ரூபாய், மூன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தேன், ஆயிரத்து இருநூறு. ஆறடித் தூண்டில் கழியை, அதாவது ராடை, மேலே சாமான் வைக்கும் கம்பியில் வைத்தால் வளைவுகளில் முன்சீட்டுக்காரர் தலையில் விழும். மடக்கும் ராடு வாங்கிக்கொள்வது நல்லது.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்குச் சொல்லிவைத்த ஆட்டோ வந்தது. செலின் அம்மாவை அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டோம். தொப்பி, முழுக்கைச் சட்டை, பல பைகள் வைத்த மேலங்கி, தேய்ந்த பிடியோடு ஒரு பழைய ராடு. அந்தத் தேய்மானத்தைப் பார்த்ததுமே எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். “எதுக்கு சார் இவ்ளோ பாடு? மார்க்கெட்டுக்கு ஏழு மணிக்கெல்லாம் கொடுவா வந்துருங்களே. வாங்கிட்டுப் போய்டலாம்ல?” என்றார்.

“வாங்குறதுல என்னாங்க இருக்கு? சார் தானே புடிச்சவரு,” என்று செலின் அம்மா சிரித்தார். நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டேன்.

கோட்டுச்சேரி தாண்டியதும் செலின் அம்மா கேட்டார்: “சார், அந்த நாலு கிலோ மீனுக்கு லீடர் எத்தன பவுண்டு கட்டிருந்தீங்க?”

தூண்டில் போடாதவர்களுக்கு: ரீலில் சுற்றியிருக்கும் மெல்லிய நரம்பின் நுனியில், கொக்கிக்கு முன்னால், ஒரு முழ நீளத்துக்குத் தடித்த நரம்பு ஒன்று கட்டுவோம். அதுதான் லீடர். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அதில் உரசினாலும் அறுந்துபோகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இது எனக்குத் தெரியும். அது எத்தனை பவுண்டு இழுவை தாங்க வேண்டும் என்பதுதான் தெரியாது. கொடுவா என் கொக்கியைக் கடித்ததே இல்லையே.

“இருபது போதும் மேடம். தடிமனா இருந்தா மீன் பாத்துரும்,” என்று எங்கோ ஒரு காணொளியில் கேட்டதைச் சொன்னேன்.

“அப்படிங்களா? நான் அம்பது கட்டிருக்கேன். சரி, நீங்க புடிச்ச மீனு, உங்களுக்குத்தான் தெரியும்,” என்றார். அதன் பிறகு நான் எப்படி ஐம்பது கட்டுவது? என் பெட்டியில் ஐம்பது இருந்தது. எடுக்கவில்லை.

காரைக்காலிலிருந்து திருவேட்டக்குடி ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. விடுதிக்காரர் சொல்லிவைத்திருந்த படகுக்காரர் முருகையன் அங்கே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கடலுக்குப் போகாத நாட்களில் தன் சிறிய ஃபைபர் படகில் எங்களைப் போன்றவர்களை ஆற்று வாயில் சுற்றிக்காட்டுவார். காலை ஒன்பது வரைக்கும் ஆயிரம் ரூபாய். போன வருடம் நான் கரையிலேயே நின்றதால் அவரை எனக்குத் தெரியாது.

“ஆறே முக்காலுக்குத் தண்ணி திரும்பும். திரும்புன பொறவு ஒரு முக்கா மணி நேரந்தான் சார். அப்பறம் ஆடு மாடு மாதிரி படுத்துக்கும், வாயத் தொறக்காது,” என்றார் முருகையன்.

கொடுவா அலைந்து திரிந்து தின்கிற மீன் இல்லை. கல்லுக்கும் அலையாத்தி வேருக்கும் பின்னால் நிழலில் நின்றுகொள்ளும். ஏறிய தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும்போது இறாலும் மடவை மீன் குஞ்சும் இழுபட்டு வரும். வருவதை வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே தூண்டிலை வேருக்கு ஒரு சாண் தூரத்தில் போட வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போட்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு சாண் கூடுதலாக உள்ளே போட்டால் வேரில் மாட்டிக்கொண்டு கொக்கி போய்விடும். இந்த ஆட்டத்தின் சுவையும் தொல்லையும் அந்தச் சாணுக்குள்தான் இருக்கிறது.

படகைக் கல் கரைக்கு எதிரே நிறுத்தினார் முருகையன். தண்ணீர் திரும்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. செலின் அம்மா, “சார், இவருக்கு அந்தப் போட்டோவக் காட்டுங்க. என்ன சைஸு இங்க வருதுன்னு தெரிஞ்சுக்கட்டும்,” என்றார்.

காட்டாமல் இருக்க வழியில்லை. முருகையன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

“இது வலை மீனுல்ல?” என்றார், சாதாரணமாக.

அவர் செலின் அம்மா பக்கம் போனைத் திருப்பினார். “பாருங்கம்மா, செவுளுக்குப் பின்னாடி சுத்திவர ஒரு கோடு ஓடுது. செதில் போயிருக்குது பாருங்க. வலைக்கண்ணுல தலய நொழச்சு மாட்டுன மீனு. தூண்டில் மீனுக்கு ஒடம்புல ஒரு கீறல் இருக்காது, வாயிலதான் கிழிஞ்சிருக்கும்.” அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. பால்காரர் பாலைப் பார்த்துத் தண்ணீர் கலந்தது என்று சொல்வதுபோல், கண்ணில் பட்டதைச் சொன்னார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே குனிந்து, தேவையே இல்லாமல் நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அந்தச் சின்னப் படகில் எழுந்து போக இடமில்லை. “ஆமாங்க. மார்க்கெட்ல வாங்குனது. நான் இதுவரைக்கும் ஒரு கொடுவாகூடப் பிடிச்சதில்லை,” என்றேன்.

செலின் அம்மா கொக்கியின் முனையை நகத்தில் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும் தம்பி,” என்றார்.

அதுவரை சார் என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். அந்தத் ‘தம்பி’யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“அங்க இதோட பங்காளி மீன் ஒண்ணு இருக்கு, ‘பார்’னு சொல்லுவோம். அதுல எத்தன வலை மீன் பாத்திருக்கேன்! மீன் பொய்யா இருந்தா என்ன, எடம் நெசந்தானேன்னு நெனச்சேன். இங்க நான் யாரோட வர்றது சொல்லுங்க? அண்ணன் மவனக் கேட்டா, வயசான காலத்துல ஒனக்கு எதுக்கு அத்தைங்கிறான். பொம்பள ஒருத்தி தனியா ராட வச்சுட்டு நின்னா வேடிக்கை பாக்கக் கூட்டம் சேந்துரும். நீங்க ஒருத்தர்தான் வர்றேன்னு எழுதுனீங்க.”

அதற்குமேல் பேச நேரமில்லை. கல்லின் ஓரத்தில் மிதந்துகொண்டிருந்த நுரை மெதுவாகக் கடல் பக்கம் நகர ஆரம்பித்தது. “திரும்பிருச்சு,” என்றார் முருகையன்.

செலின் அம்மா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே ராடைப் பக்கவாட்டில் வீசினார். கொக்கியில் இரையாக மாட்டியிருந்த ரப்பர் இறால் தண்ணீரை ஒட்டியே பறந்து, அலையாத்திக் கிளைக்கு அடியில் சத்தமில்லாமல் விழுந்தது. மூன்றாவது வீச்சில் ‘டொப்’ என்று ஒரு சத்தம். கொடுவா இரையை உறிஞ்சும் சத்தம் அது. நான் அதைப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோ மீன் படகுக்குப் பக்கத்தில் வந்தது. ஈரக் கையால் தாடையைப் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, கொஞ்ச நேரம் அதைத் தண்ணீரிலேயே வைத்திருந்து, விட்டுவிட்டார். அது ஒரு வாலடி அடித்துப் போய்விட்டது.

“யம்மா! கொழம்புக்கு ஆவுமேம்மா!” முருகையன் பதறிவிட்டார்.

“கொடுவா எல்லாம் மொதல்ல ஆணாத்தாங்க இருக்கும். பெருசானாத்தான் பொண்ணா மாறும். இது பொண்ணாவட்டும், முட்ட போடட்டும்.”

“அத நாங்க பாத்தா அடுப்பு எரியாதும்மா,” என்றார் அவர். செலின் அம்மா தலையாட்டிவிட்டு ரப்பர் இறாலைச் சரிசெய்தார். முருகையன் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஏழு பதினைந்துக்கு என் முறை வந்தது, வீசினேன். வேருக்கு ஒரு சாணில் விழுந்த என் முதல் வீச்சு அதுதான். இரண்டு சுற்றுச் சுற்றினேன். யாரோ கையைப் பிடித்து இழுத்தது போல ராடு வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. ஐந்து பயணங்களில் முதல் முறையாக மறுமுனையில் ஓர் உயிர் இருந்தது. சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதற்காகத்தான் மனிதர்கள் விடுமுறை நாளில் நாலரை மணிக்கு எழுகிறார்கள்.

மீன் வேருக்குள் ஓடப் பார்த்தது, திருப்பினேன். திறந்த தண்ணீருக்கு வந்து எம்பியது. முழு உடம்பும் வெளியே வந்தது, வெள்ளியாக. போன வருடத்து மீனைவிடப் பெரியது என்று இப்போதும் சத்தியம் செய்வேன், நீங்கள் நம்பாவிட்டாலும்.

“தளத்துங்க தம்பி! எம்புறப்ப ராட இறக்குங்க!” என்று கத்தினார் செலின் அம்மா. கொடுவா எம்பித் தலையை உதறும்போது நரம்பைத் தளர்த்த வேண்டும். விறைப்பாகப் பிடித்தால் செவுள் மூடியே கத்தியாகிவிடும். எனக்கு அது தெரியும், என் கைக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறை எம்பியபோதும் இழுத்தே பிடித்தேன். ‘டிக்’. ராடு நிமிர்ந்துவிட்டது.

உட்கார்ந்துவிட்டேன். நரம்பின் நுனி பிளேடால் சீவியதுபோல் சுத்தமாக அறுந்திருந்தது.

“எத்தன பவுண்டு கட்டிருந்தீங்க?” என்றார் செலின் அம்மா.

“இருபது.”

“யாரு சொன்னது இருபதுன்னு?”

“நான்தாங்க.”

முருகையன்தான் முதலில் சிரித்தார். பிறகு மூவரும் சிரித்தோம். காலையில் ஆட்டோவிலேயே ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐம்பது கட்டியிருப்பேன். ஒரு வருடம் முன்பு சொன்ன பொய் சரியாக அந்த இடத்தில்தான் அறுந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பௌர்ணமி, அமாவாசைக்கு முந்தைய மூன்று நான்கு நாட்களில், தண்ணீர் திரும்பும் நேரத்தை ஊர்க்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வலை போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூண்டில் வீசாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. செவுளில் கை வைக்காதீர்கள். லீடர் ஐம்பது பவுண்டு. மீன் எம்பும்போது ராடைத் தாழ்த்துங்கள். போக வர, தங்க, படகு, இட்லி எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே ஆனது.

போன வருடத்துப் படத்தை நான் நீக்கவில்லை. அதன் கீழே ‘காரைக்கால் மார்க்கெட்டில் வாங்கியது’ என்று திருத்தி எழுதியிருக்கிறேன். இந்தப் பதிவோடு இருக்கும் படம் செலின் அம்மா எடுத்தது. மீன் எம்பியதைப் பிடிக்கத்தான் போனை எடுத்தார், ஒரு நொடி பிந்திவிட்டது. ஆகவே படத்தில் மீன் இல்லை. தண்ணீரில் ஒரு வெள்ளை வட்டம், நிமிர்ந்த ராடு, வாயைப் பிளந்துகொண்டு நான். நேரம் காலை ஏழு இருபது. சூரியன் இருக்க வேண்டிய உயரத்தில்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.