எண்ணெய் பூசிய கல்

பெத்தேல் என்பது ஹுன்னஸ்கிரியவுக்குப் பின்னால் இரண்டு மலை தள்ளி இருக்கும் ஊர் என்றுதான் சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். குற்றம் என்னுடையதல்ல. கண்டியிலிருந்து எங்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்துபோகும் உபதேசியார், யாக்கோபு அங்கே கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கியதையும், விடிந்ததும் அதை நட்டு எண்ணெய் வார்த்ததையும் நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார். நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒருவரும் கிறிஸ்தவ வேதத்தில் சேரவில்லை. கதை கேட்க மட்டும் எல்லோரும் வந்துவிடுவோம்.

தோட்டத்துப் பாதையோரம் ஒரு கற்குவியல் இருந்தது. போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவார்கள். அதன்மேல் நட்டிருந்த நெட்டைக் கல்லுக்கு அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் பூசுவாள். என் தலைக்கு எண்ணெய் இல்லாத வாரத்திலும் கல்லுக்கு இருக்கும். எனக்கு அந்தக் கல்மேல் பொறாமை.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும்போது துரை வந்து, குவியலைப் பெயர்த்துவிட்டுக் கோப்பிக் கன்று வைக்க வேண்டும் என்றார். கூட வந்து மொழிபெயர்த்த உபதேசியாருக்கும் அதில் சம்மதம்தான்.

“கல்லுக்கு எண்ணெய் பூசுறது பாவம், தாயி.”

அம்மா கல்லை மறைத்து நின்றாள். துரைக்கு முன்னால் அவள் தலை நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தாள்!

“யாக்கோபு பூசினாருன்னு நீங்கதானே சொன்னீங்க? அவரு பூசினா புண்ணியம், நான் பூசினா பாவமாங்க?”

துரை விடாமல் கேட்கவே, உபதேசியார் வேறு வழியில்லாமல் அதையும் மொழிபெயர்த்தார். குவியல் ஓர் ஆள் நீளத்துக்கு இருப்பதை அப்போதுதான் கவனித்த துரை தொப்பியைக் கழற்றினார். உள்ளே யாரைப் புதைத்திருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார்.

“என் தங்கச்சிதாங்க. மலையேறி வர்ற வழியில, பிள்ளை பெத்த அன்னைக்கே போயிட்டா.”

உபதேசியாரின் குரல் இறங்கிவிட்டது. யாக்கோபின் மனைவி ராகேலும் பயணத்தில் பிள்ளை பெற்று இறந்தவள்தான், அவளை வழியிலேயே அடக்கம் செய்து அங்கேயும் அவர் ஒரு கல் நட்டார் என்று இரண்டு பாஷையிலும் சொன்னார்.

துரை குவியலைத் தொடாமல் சுற்றிக் கன்று வைக்கச் சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

அம்மா உபதேசியாரை விடவில்லை.

“அந்தப் பிள்ளை பொழைச்சிச்சுங்களா?”

“பொழைச்சிச்சு, தாயி. நல்லா வளந்துச்சு.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். எங்கேயோ பிறந்த பிள்ளைக்கு இத்தனை அழுகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய்க் கையால் என் தலையைத் தடவினாள். அந்த வாரம் எனக்கும் எண்ணெய் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், சித்தி பெற்ற பிள்ளை எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.