எல்லா வாசலும் கிழக்கே

காவிரியில் தண்ணீர் ஏறியதால் பரிசலை நிறுத்திவிட்டார்கள். ஆள் வரத்து இல்லாமல் என் மீன் வறுவல் கடையும் தூங்கியது. ஊரே தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு வரும். நான் போன வாரம் எதிர்ப்பக்கமாகக் கிளம்பினேன். காரணம், தங்கச்சி செல்வி. தருமபுரியில் ஆசையாக வாங்கிய புது வீட்டை நாலே மாதத்தில் பூட்டிவிட்டு, பழைய கிராமமான ஏரியூருக்கே திரும்பப் போவதாக ஃபோனில் அழுதாள்.

காலை ஏழரைக்குப் பேருந்து. பென்னாகரம் வழியாக நாற்பத்தாறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். முன் சீட்டில் உட்காராதீர்கள், வெயில் மூஞ்சியிலேயே அடிக்கும். பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

குடியிருப்பில் நுழைந்ததும் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நேரே எதிர்வீட்டின் பின்பக்கம்.

"கெழக்குப் பாத்த வாசலுன்னாதான் விக்குதுங்கக்கா. அதான் அத்தனையும் கெழக்கால திருப்பிட்டாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"ரேஷன் கடை வரிசை மாதிரி முதுகையே பாத்துட்டு நிக்கணுமா?" என்றேன்.

செல்வியின் கண் வீங்கியிருந்தது. "அங்க பாருக்கா" என்று எதிரே காட்டினாள். ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் வாசல்ல நின்னா ஒருநாளும் திரும்ப மாட்டா. பட்டிக்காடுன்னு எளக்காரம்."

என் வாய் சும்மா இருக்குமா? "ஏங்க, முதுகு மட்டுந்தான் தரிசனமா? மொகத்துக்கு டிக்கெட் எடுக்கணுங்களா?"

அவள் துள்ளியதில் குண்டான் உருண்டது. "ஐயோ அக்கா! உங்க தலவாசலுக்கு நேரா எச்சித்தட்டு கழுவறேன். எந்த மொகத்த வெச்சுட்டுத் திரும்பறது? தெனமும் கழுத்து வலிங்க!"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் நின்றது.

"நீ எங்கடி பாத்திரம் கழுவற?" என்றேன்.

"பின்னால..."

"பின்வூட்டுக்காரி உன்ன என்னன்னு நெனைப்பா?"

சிரிப்பு நின்றது. வீட்டுக்குள் புகுந்து ஓடிப் பின்கதவைத் திறந்தாள். எதிரே, தன் வாசலில் தனியாக உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் செல்வி. நாலு மாதத்தில் அவள் அந்தப் பக்கம் பேசிய முதல் வார்த்தை அது.

மாலை ஐந்து மணிப் பேருந்தில் நான் மட்டும் திரும்பினேன். ஏரியூர்ப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மாதிரி குடியிருப்பில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: முன்வாசலில் பெல் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்பக்கம் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். மனுஷர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.