இரண்டு பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி

என் பெயர் வித்யா. கல்கத்தாவில், ஜாதவ்பூர் அலுவலகத்தில், நான் பித்தா. வங்காளிகள் வாயில் 'வ' வராது, 'ப' ஆகிவிடும்; 'த்யா'வும் 'த்தா'தான். தினமும் பைத்தியம் என்று கூப்பிடுவதுபோல் எரிச்சலாக இருக்கும். ஒவ்வொரு முறையும் திருத்துவேன்.

துர்கா பூஜை நெருங்கிய சமயம். ஒரு புடவைக் கடைக்கு இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தேன். புடவைப் படத்தைச் சொடுக்கினால் சுற்றிலும் சிவப்புக் கரை வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் படம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் கிளாஸ் பெயரை எடுத்துவிட்டு, 'சிவப்பு' என்று போட்டேன். கரை வந்தது. ஆனால் படம் அளவு தப்பிப் பக்கம் முழுக்கப் பரந்துவிட்டது. கடைக்காரரோ பார்க்க வந்து வெளியே காத்திருந்தார்.

பக்கத்து மேஜை சுப்பு எட்டிப் பார்த்தான். கல்கத்தாவிலேயே பிறந்த தமிழன். எல்லோருக்கும் அவன் ஷுப்போ.

"பழைய பேரை ஏன் அழிச்ச? அளவு, இடம் எல்லாம் அந்தப் பேர்லதானே இருக்கு? அது இருக்கட்டும். ஒரு ஸ்பேஸ் விட்டு, புதுசையும் சேத்துடு. ஒண்ணுக்கு ரெண்டு பேர் இருந்தா என்ன தப்பு?"

சேர்த்தேன். சிவப்புக் கரையோடு புடவை தன் இடத்திலேயே நின்றது. கடைக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "பாஹ், பேஷ்!" என்றார்.

அப்போது வாசலிலிருந்து தோழி மிதாலி, டீ குடிக்க வருகிறாயா என்று வங்காளியில் கேட்டாள்: "பித்தா, சா காபி?"

முதல்முறையாகத் திருத்தாமல் எழுந்து போனேன்.

டாக்குரியாவில், என் வீட்டில், நான் வித்யா. ஜாதவ்பூரில் பித்தா. நடுவில், ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் இடைவெளி.