நூர்முகமதுவின் மோட்டார்

பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிற ஆளா நீங்கள்? மைதீனும் அப்படிச் சிரித்தவன்தான். எழுபத்துமூன்றாம் வருஷம் கடப்பாக்கத்தில் அவனுக்கு நடந்ததில் ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டியது இல்லை. நடுநிசியில், சுடுகாட்டோரம் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில் நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

மைதீன் மதுராந்தகத்துக்காரன். பம்புசெட்டு மெக்கானிக். கடப்பாக்கம் ஜெயினுலாபுதீனின் தங்கை சுராயாவை நிக்காஹ் செய்துகொண்டு அந்த ஊரோடு வந்துவிட்டான். சுராயா ஏற்கெனவே வாழ்க்கைப்பட்டவள். முதல் புருஷன் நூர்முகமது கடலுக்குப் போனான். படகு மட்டும் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கியது. ஆளும் இல்லை, மையத்தும் கிடைக்கவில்லை. காக்க வேண்டிய காலமெல்லாம் காத்துப் பார்த்து, ஜமாத்தார் கூடி, ஆள் மௌத்து என்று முடிவு கட்டினார்கள். புருஷனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் அறைக்குள் இருப்பாளே, அந்த இத்தாவையும் சுராயா இருந்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் மைதீன்.

வீடு நூர்முகமதுவின் வீடு. படகு நூர்முகமதுவின் படகு. படகின் முதுகில் தொங்கிய பழைய மோட்டார்கூட அவன் பாண்டிச்சேரியிலிருந்து தூக்கி வந்தது. மைதீன் எங்கே உட்கார்ந்தாலும் அது நூர்முகமது உட்கார்ந்த இடம். சுராயா குறை ஒன்றும் வைக்கவில்லை, பாவம். ஆனால் மைதீனை “நீங்க” என்பாள். “அவரு” என்று சொன்னால் அது நூர்முகமது. அந்த ஒரு சொல் காதில் விழும்போதெல்லாம் மைதீனுக்கு வயிறு பற்றி எரியும். உயிரோடு இருக்கிறவன் என்றால் சட்டையைப் பிடித்து நாலு அறை விடலாம். செத்தவன் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது?

மோட்டார் முதலில் மக்கர் செய்தது பக்ரீத் மறுநாள். மைதீன் உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். கூட சின்னராசு. நூர்முகமது காலத்திலிருந்து படகில் வேலை பார்க்கிறவன். பள்ளிவாசலில் நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்கிற நேரம்.

டுட்... டுட்... டுட்... ப்ப்.

நின்றுவிட்டது.

மைதீன் பதறவில்லை. டாங்கியைத் தூக்கிப் பார்த்தான், பெட்ரோல் தளும்பியது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான், சுத்தம். டாங்கியிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அதை அமுக்கித்தான் பெட்ரோலை ஏற்ற வேண்டும். அது சப்பிப்போய்க் கிடந்தது. டாங்கி மூடியைத் திறந்தான். உஸ்ஸ்ஸ்... என்று காற்று உள்ளே பாய்ந்தது. உருண்டை மெல்லப் புடைத்தது. ஓஹோ, இதுதானா?

அந்த மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அதன் மேல் ஒரு திருகு. டாங்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பெட்ரோல் சிந்தாமல் இறுக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது தளர்த்த வேண்டும். இறுக்கியே வைத்தால் காற்று உள்ளே போகாது, பெட்ரோல் வெளியே வராது, மோட்டாருக்கு மூச்சு முட்டிவிடும். அந்தத் திருகு இப்போது இறுகியிருந்தது. காலையில் அவனே தன் கையால் தளர்த்தியிருந்தான். நன்றாக ஞாபகம் இருந்தது.

சின்னராசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நூரு பாய் இருந்தப்போ ஒருநாளும் இப்டி நின்னதில்ல, அண்ணாத்த” என்றான்.

மறுநாளும் அதே இடம், அதே நேரம். திருகு இறுகியிருந்தது. பழைய முதலாளியின் விசுவாசி இவன்தான் செய்கிறான் என்று மைதீனுக்கு ஆத்திரம். கண்டபடி ஏசி, சின்னராசுவை அன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். அதற்கு அடுத்த நாள் தனியாகப் போனான்.

நின்றது.

திருகு இறுகியிருந்தது.

அந்தக் கரையில் பெட்ரோல் திருட்டு அதிகம். அதனால் சாயங்காலம் டாங்கியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவது வழக்கம். அப்படியானால் வீட்டில்தான் யாரோ கை வைக்கிறார்கள். வீட்டில் யார்? அவனும் சுராயாவும். காலையில் தான் தளர்த்தியதாக நினைப்பதே பிரமையோ என்றுகூட அவன் யோசித்துவிட்டான். பொறாமை வந்துவிட்டால் மனுஷனுக்குத் தன் கைமேல்கூட நம்பிக்கை போய்விடும்.

சாப்பிட உட்கார்ந்தபோது மீன் தலை அவன் தட்டில் இல்லை. அது தனியாக இன்னொரு தட்டில் இருந்தது, சோறும் குழம்புமாக. யாருக்கு என்று கேட்டான். தெரியவில்லை, கை தானாக வைத்துவிட்டது என்றாள். அவன் சோற்றைத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

“டாங்கி மூடியத் தொட்டியா?”

“நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன்?”

“பின்ன யாரு?”

அவள் வாசலைப் பார்த்தாள். “அவருக்குத்தான் அந்தப் பழக்கம். வூட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல அதத்தான் இறுக்குவாரு.”

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான இத்தனை மாதத்தில் மைதீன் பார்க்காத சிரிப்பு. அன்று இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. இந்த மோட்டாரை ஒரே ஒரு நாள் நிற்காமல் ஓட்டிக் காட்டிவிட்டால் போதும், இவள் என்னுடையவள் ஆகிவிடுவாள்... கிறுக்கன் மாதிரி அதையே நினைத்துக்கொண்டு கிடந்தான்.

விடிந்ததும் ஒரு காரியம் செய்தான். திருகையே கழற்றி எடுத்துவிட்டான். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். துளை இப்போது திறந்து கிடந்தது. இனி எவன் வந்து எதை மூடுவான்?

யாரையும் ஏற்றாமல் தனியாகக் கிளம்பினான். படகு ஆலம்பரைக் கோட்டைச் சுவரைத் தாண்டியது. வெயில் தகதகவென்று அடித்தது. காற்றே இல்லை. மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மைதீன் சத்தமாகச் சிரித்தான். “எங்கடா, இப்ப நிறுத்து பாக்கலாம்” என்று கத்தவும் கத்தினான்.

தூரத்தில் பாங்கு கேட்டது.

டுட்... டுட்...

ப்ப்.

சட்டைப்பையைத் தடவினான். திருகு இருந்தது.

ரப்பர் உருண்டையைப் பார்த்தான். சப்பிப்போயிருந்தது. குனிந்து டாங்கி மூடியைப் பார்த்தான். துளை திறந்துதான் இருந்தது. வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஒரு தூசிகூட அடைக்கவில்லை.

பிறகு ஏன் காற்று போகவில்லை?

துளையின் மேல் விரலை வைத்தான்.

விரல் தகரத்தில் படவில்லை.

அதற்கு முன்பே எதன் மேலோ பட்டது. மெத்தென்று... ஈரமாக... சில்லென்று...

இன்னொரு விரல்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் அந்தத் துளையை அழுத்தி மூடிக்கொண்டிருந்தது. நகம்கூடத் தட்டுப்பட்டது.

மைதீன் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான். கத்த வாயைத் திறந்தான்.

உஸ்ஸ்ஸ்...

துளை வழியாகக் காற்று உள்ளே போனது. மூடியிருந்தவன் விரலை எடுத்துவிட்டான்.

உருண்டை புடைத்தது.

பிறகு அமுங்கியது.

புடைத்தது. அமுங்கியது.

ரப்பரில் நாலு விரல் பள்ளமும் ஒரு கட்டைவிரல் பள்ளமும் விழுந்து விழுந்து மறைந்தன.

மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை யாரும் இழுக்கவில்லை.

மோட்டார் ஓடியது.

படகு தானாகத் திரும்பியது... கடப்பாக்கம் கரையைப் பார்த்து. மணல்திட்டு எங்கே, பாறை எங்கே என்று அறிந்தவன் ஓட்டுவது போல வளைந்து வளைந்து போனது. மைதீன் முன்பக்கம் சுருண்டு, தெரிந்த குர்ஆன் ஆயத்தையெல்லாம் ஓதிக்கொண்டு கிடந்தான். திரும்பிப் பார்க்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை.

கரையில் சுராயா நின்றிருந்தாள். கடற்கரைக்கே வராதவள். வெறுங்காலோடு சுடுமணலில் நின்றிருந்தாள். அவள் மைதீனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, படகின் பின்பக்கம், மோட்டார்ப் பக்கம் பார்த்தாள். அந்தச் சிரிப்பு சிரித்தாள். பிறகுதான் மைதீன் இருப்பது கண்ணில் பட்டது போல, அந்நிய ஆணைக் கண்டவள் போல, முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மைதீனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. பயத்தைவிட அந்த முக்காடுதான் அவனை வதைத்தது. பேய் பிடித்தாலும் பரவாயில்லை, ஓதி விரட்டிவிடலாம். இவள் என்னைப் பார்த்து ஏன் முகத்தை மூடினாள் என்று காய்ச்சலிலும் புலம்பினானாம்.

அந்த வாரக் கடைசியில் மச்சான் ஜெயினுலாபுதீன், கருவாட்டு வியாபாரமாக நாகப்பட்டினம் போனவர், திரும்பி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வரும் வழியில் நாகூருக்கும் போயிருக்கிறார். அங்கே ஒரு ஆளைப் பற்றிச் சொன்னார்களாம். கப்பல்காரர்கள் கடலிலிருந்து தூக்கிக் கரையேற்றிய ஆள். தலையில் அடிபட்டு, பேர் ஊர் எதுவும் சொல்லத் தெரியாமல், வருஷக்கணக்கில் தர்கா வாசலிலேயே கிடந்தவன். உயிர் போகும்போதுதான் ஒரே ஒரு பேர் சொன்னானாம். சுராயா.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அடக்கம் செய்தவர்கள் அவன் இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டை எடுத்து வைத்திருந்தார்கள். பெல்ட்டுப் பைக்குள் துருப்பிடித்த ஒரு சாவி. அதைக் கொண்டுவந்து சுராயாவின் இரும்புப் பெட்டியில் போட்டுத் திருப்பினார். பெட்டி திறந்துகொண்டது.

எப்போது மௌத்தானான் என்று மைதீன் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

“பக்ரீத் மறுநா. லுஹர் பாங்கு சொல்ல சொல்ல உசுரு போச்சாம்.”

அப்படியானால் மைதீன் நிக்காஹ் செய்தபோது நூர்முகமது உயிரோடு இருந்திருக்கிறான். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: புருஷன் உயிரோடு இருக்கையில் நடந்த இந்த நிக்காஹ் செல்லாது, உயிரோடு இருந்தவனுக்காக இருந்த அந்த இத்தாவும் கணக்கில் வராது, சுராயா இப்போது முறைப்படி இத்தா இருக்க வேண்டும். ஊருக்கும் மார்க்கத்துக்கும் முன்னால் அவள் அன்றுவரை நூர்முகமதுவின் மனைவி. மைதீன் ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தான்.

இத்தா முடிந்த அன்றைக்கே ஜெயினுலாபுதீனைக் கூட்டிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றான். மறுபடி நிக்காஹ் செய்துகொள்கிறேன், எனக்கு வீடு வேண்டாம், படகு வேண்டாம், மதுராந்தகம் போய்விடலாம், நீ வந்தால் போதும் என்று கெஞ்சினான். ஆண்பிள்ளை என்றும் பார்க்காமல் அழுதான்.

சுராயா கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் முக்காட்டைப் பிடித்திருந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“இத்தா முடிஞ்சிச்சு. ஆனா அவரு போகல. வூட்லதான் கீறாரு.”

அவள் கை முக்காட்டை விடவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு அடி நகரவும் இல்லை. மைதீனும் ஜெயினுலாபுதீனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு மெல்ல மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.