ராகேல் அம்மா சனிக்கிழமை வரமாட்டார்

பத்து வயது வரை என் மகள் கிருபாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போனேன், பிரியமானவர்களே. வெட்கத்தோடு சொல்கிறேன்.

நான் திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூரில் மிஷன் பள்ளி வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த எனக்கு, சொந்த மகளைத் தட்டிலிருந்து சோறு எடுத்துச் சாப்பிடப் பழக்கத் தெரியவில்லை. மூளை வளர்ச்சி குறைவு என்றார் டாக்டர். பிசாசு என்றார்கள் சபையார். உபவாசம் இருந்தோம். ஒன்றும் மாறவில்லை. எங்களுக்குப் பிறகு இவளுக்கு யார் சோறு ஊட்டுவார்கள்? "ஆண்டவரே, எங்களுக்கு முன்னால் இவளை எடுத்துக்கொள்ளும்" என்றுகூட ஜெபித்தேன். பெற்றவன் செய்கிற ஜெபமா அது?

எமர்ஜென்சி வந்த வருஷம் ராகேல் அம்மா வந்தார். கொச்சிக்காரர். இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவும் ஒரு தர்ம ஸ்தாபனம் அவரைத் திருப்பதிக்கு அனுப்பியிருந்தது. வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து கிருபாவைப் பழக்கினார். "சனிக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கு வாருங்கள்" என்றேன்.

"சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள், சார்."

பேர் ராகேல். ஓய்வு சனிக்கிழமை. சனிக்கிழமை ஆராதிக்கிற வேறு சபைக்காரி, நம் சபையின் ஆடுகளைத் திருட வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். இனி வரவேண்டாம் என்று கதவைச் சாத்தினேன்.

அந்த வாரம் முழுக்க கிருபா காலித் தட்டோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி எஸ்தருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாங்க, அந்தம்மா ஒரு நாளாச்சும் ஞானஸ்நானம்னு பேசுனாங்களா? புள்ளைக்குத் துன்னக் கத்துக்குடுத்துக்கினு இருந்தாங்க. எங்கிட்ட சொன்னாங்க, அவங்க யூதருங்க. அனுப்புனவங்களும் யூதருங்கதான். நம்ம ஏசப்பாவும் சனிக்கிழமதான ஓய்வா இருந்தாரு?"

பெரிய வெள்ளிதோறும் ஆலயத்தில் இயேசுவின் சிலுவைப்பாட்டை வாசிக்கையில், அவரைக் கொன்றவர்கள் என்று 'யூதர்கள்' என்ற சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தவன் நான். அன்றே திருப்பதிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், "கிருபா சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரமே வந்தார். மூன்று வருஷம் வந்தார்.

கிருபா எழுத்து கற்கவில்லை. பேச்சும் இரண்டொரு வார்த்தைதான். அதற்குள் எஸ்தர் புற்றுநோயில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து இரண்டு நாள் நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஜெபிக்கவும் வாய் வரவில்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டார் கொடுத்த சோற்றைக் கிருபா சிந்தாமல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"நைனா, துன்னு."

துன்னேன். அழுதுகொண்டே துன்னேன்.

இன்று அவள் ஆலயத்தில் என் பக்கத்தில், முன்வரிசையில் உட்காருகிறாள். எஸ்தர் இல்லாத துக்கம் ஆறவில்லை. ஆனாலும் ஸ்தோத்திரம். நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். பதில் வந்து தட்டும்போது, எந்தச் சபை என்று விசாரித்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.