கண்டினியூட்டி அண்ணி

எங்கள் அண்ணி சினிமாவில் வேலை செய்கிறாள் என்று சொன்னால், உடனே நடிக்கிறாரா என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கண்டினியூட்டி பார்க்கிறவள். ஒரு ஷாட்டில் நடிகர் வலது கையில் கோப்பை வைத்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் அதே கையில் இருக்கிறதா, அதில் டீ அதே அளவு இருக்கிறதா, சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்ததா என்று போட்டோ எடுத்து, குறித்து வைத்துச் சரிபார்க்கும் வேலை. முப்பது வருடமாக அதுதான் அவளுக்கு மூச்சு. ஷூட்டிங்கில் அவளைக் கழுகு என்பார்களாம். வீட்டிலும் அப்படித்தான். நான் அவசரத்தில் கம்மலை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள்.

நான் மேல் மாடியில் தையல் மெஷினோடு குடியிருக்கிறேன். கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவர்களுக்கு ஒரே மகள். நாங்கள் குட்டி என்று கூப்பிட்டாலும் அவளுக்கு முப்பத்தொரு வயது. வெளிநாட்டில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறாள்.

போன வருடம் அண்ணிக்கு ஒரு விசித்திரமான படம் வந்தது. ஒரு துப்பறிவாளர் ஒரு கொலையைத் துருவிக்கொண்டே போகிறார். கடைசியில் பார்த்தால், அவர் குடியிருக்கும் ஊரே நிஜமில்லை, யாரோ கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்த ஊர். அதை அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்றால், சின்னச் சின்னத் தப்புகளை வைத்து. காலண்டரில் முந்தாநாள் தேதி இருக்கும். கதவுப் பிடி இடம் மாறியிருக்கும். ஆக, இந்தப் படத்தில் தப்புகளை வேண்டுமென்றே வைக்க வேண்டும். மொத்தம் ஐம்பத்து மூன்று. டைரக்டர் அவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுத்து, இதை மட்டும் சரிபண்ணிவிடாதீர்கள் அக்கா என்று சிரித்தாராம்.

அண்ணி சரிபண்ணிவிட்டாள். துப்பறிவாளர் காலண்டரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டிய காட்சி. ஷாட்டுக்கு முன்னால் அந்தப் பக்கமாகப் போனவள், தேதி தப்பாக இருக்கிறதே என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு நாள் முழுக்க எடுத்தது குப்பைக்குப் போனது. டைரக்டர் திட்டவில்லை. பரவாயில்லை அக்கா, வயசாகுதுல்ல என்றாராம். திட்டியிருந்தால்கூட அவள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பாள்.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று நடந்துகொண்டிருந்தது. அண்ணி காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன சர்க்கரை டப்பா, சாயங்காலம் பரணை ஒட்டிய உச்சித் தட்டில் இருக்கும். இஸ்திரிப் பெட்டி பீரோவின் தலையில் ஏறியிருக்கும். கத்திரிக்கோலைத் தேடித் தேடி அலுத்து, கடைசியில் புத்தக அலமாரியின் உச்சியில் எடுத்தாள். அண்ணனைக் கேட்டால், "நீதான் வெச்சிருப்பே. நான் ஏன் அதையெல்லாம் தொடப்போறேன்?" என்பான். அவன் குரலில் எரிச்சல்கூட இருக்காது, அவ்வளவு சாதாரணமாகச் சொல்வான். நானும் அவனுக்கு ஒத்து ஊதினேன். வயசானா வர்றதுதான் அண்ணி, ஒத்துக்கோங்க என்று சொன்னவள் நான்தான். இந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

அண்ணி ஒத்துக்கொண்டாள். அதுதான் பயங்கரம். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வருவாள். பேசும்போது வார்த்தை ஒரு நொடி தாமதமானால் முகம் வெளிறிவிடும். ஒரு நாள் என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேலையை விடப்போவதாகச் சொன்னாள். ஞாபகம் போன பிறகு இந்த வேலையில் இருந்தால் அது ஊரை ஏமாற்றுவது என்றாள். அந்த வேலை இல்லாமல் அவளை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"ஒரே ஒரு உதவி பண்ணு. காலைல நான் கிளம்புனதும் நம்ம சமையலறை, ஹால், ரூம் எல்லாத்தையும் போட்டோ எடு. சாயங்காலம் நான் வர்றதுக்கு முன்னாடி மறுபடி எடு. நானே எடுத்தா நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

நான்கு நாள் எடுத்தேன். காலையில் அண்ணன் நடக்கப் போயிருப்பான், சுலபம். நாலரை மணிக்குப் போனால் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். போனில் பேசுகிற பாவனையில் சுற்றிச் சுற்றி எடுப்பேன். என் அண்ணன் வீட்டிலேயே திருட்டு முழி முழிக்க வேண்டியிருந்தது. எடுத்ததை உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி நேராக மேலே வந்தாள். இருவரும் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் நாள் படங்களிலேயே தெரிந்துவிட்டது. அவள் வைத்தது வைத்தபடி காலைப் படத்தில் இருந்தது, சாயங்காலப் படத்தில் இடம் மாறியிருந்தது. அவள் தலை தெளிவாகத்தான் இருக்கிறது. நான் சந்தோஷத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். இப்படி உயிரை எடுக்கிற விளையாட்டா அண்ணன் விளையாடுவான், இரு, அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. நான்கு நாள் படங்களையும் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தாள். "எல்லாமே மேல போயிருக்கு பாரு" என்றாள். சர்க்கரை, தீப்பெட்டி, கத்தி, மாத்திரை டப்பா, கத்திரிக்கோல், இஸ்திரிப் பெட்டி. நான் இன்னமும் புரியாமல் நின்றேன். "குட்டிக்கு ஆறு வயசுல இப்படித்தான் கைக்கு எட்டாம வெச்சிருந்தோம். சர்க்கரைய அள்ளி அள்ளித் தின்னுவாள்ல. அந்த ஜன்னலோர நாற்காலியும் அப்ப அங்கதான் கிடக்கும். ஸ்கூல் வேன் வர்றதைப் பார்க்கறதுக்கு."

கீழே போனோம். படியில் அண்ணி என் கையைப் பிடித்திருந்தாள். அண்ணன் ஜன்னலோரத்தில்தான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் கவலையோடு, "வேன் இன்னும் வரல" என்றான்.

பொறுமையாகப் பேசியிருக்கலாம். எனக்குத்தான் அது பிறவியிலேயே கிடையாதே. குட்டிக்கு முப்பத்தொரு வயசு, போன ஞாயிற்றுக்கிழமைகூடப் பேசினியே என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். மெல்ல மெல்ல அவன் முகம் எங்களிடம் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தெரியும். கொஞ்ச நாளாவே தெரியும்" என்றான். "சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. நீதான் மறந்து வெச்சேன்னு ஒரு நாள் சும்மா சொன்னேன். நீ நம்பிட்டே. அன்னிக்குத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு."

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு மாசமா நான் தூங்கலைங்க" என்றாள்.

அவன் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அண்ணிக்குக் கோபம் கண்ணில் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் திங்கட்கிழமையே போவது என்று முடிவானது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, இனிமேல் நீங்கள் வேலையை விட வேண்டியதில்லை அண்ணி, படத்தை முடித்துக் கொடுங்கள் என்றேன்.

"அப்ப வேனைப் பார்க்க இவர் ரோட்டுக்கு இறங்கிப் போனா யாரு பார்த்துக்கறது?"

"நான் பார்த்துக்கறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ இந்த ரெண்டு மாசமும் மேலதானே இருந்தே" என்றாள்.

மறுநாள் காலையில் டைரக்டருக்குப் போன் செய்து வேலையை விட்டுவிட்டாள். அந்தக் காலண்டர் விஷயத்துக்காகவா அக்கா என்று அவர் பதறியது எனக்கே கேட்டது. அதெல்லாம் இல்லை தம்பி, வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவள் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.