பேசி முடித்துவிட்டீர்களா?

டெலிபோன் போர்டில் புதிதாக உட்கார வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததில் ஒரு வாரம் போய்விட்டது.

1. கோடை விடுமுறை

யுத்த காலம். கோவில்பதாகையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். கணவர் இளைப்பு நோயால் மில் வேலையை விட்டிருந்தார். கைக்குழந்தையோடு மூன்று பேருக்கும் என் சம்பளம்தான். ஆவடிப் பட்டாளக் கிடங்கில் டெலிபோன் வேலைக்கு இங்கிலீஷ் படித்த பெண்கள் தேவை, சம்பளமும் அதிகம் என்றார்கள். பள்ளியை விட்டபின் அங்கே தேறாமல் போனால்? கோடை விடுமுறையில் பழகிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். விடுமுறைக்கும் பள்ளிச் சம்பளம் உண்டு. பள்ளி திறக்குமுன் தலைமையாசிரியருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள், குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரங்களைக் கணவரிடம் மூன்று தரம் சொன்னேன்.

"எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இனிமே கொழந்தைக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்," என்றார்.

2. இடியாப்பம்

போர்டு வேலை பார்வைக்குச் சுலபம். ஒருவர் கூப்பிட்டால் போர்டில் அவர் எண்ணுக்கு மேலுள்ள சின்ன மூடி விழும். இணைப்புக் கயிற்றின் ஒரு முனையை அவர் எண்ணின் துளையிலும், மறுமுனையை அவர் கேட்டவர் துளையிலும் செருக வேண்டும். பேசி முடித்ததும் அவர்கள் கைப்பிடியைச் சுற்றி மணியடிக்க வேண்டும். எந்தத் துரையும் அடிக்க மாட்டார். "பேசி முடித்துவிட்டீர்களா?" என்று நடுவில் புகுந்து நாமே கேட்டு, கயிற்றைப் பிடுங்க வேண்டும்.

நான் கேட்பேன், பிடுங்குவேன். பிறகு சந்தேகம் வரும். எதிர்ப்பக்கத்தவருக்குச் சொல்ல ஏதாவது மிச்சமிருந்தால்? மறுபடி இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பேன். இதனால் கயிறு ஒன்றும் காலியாக இராது.

லைன்மேன் முனுசாமி எட்டிப் பார்த்தான். "இன்னா டீச்சரம்மா, போர்டா இது? இடியாப்பம் புழிஞ்சு வெச்சாப்பல கீது."

மேற்பார்வை பார்த்த ரோஸம்மாள் சிரிக்கவில்லை. "இஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கை தேறலேன்னா, நீ பசங்களுக்கே பாடம் நடத்து கண்ணு."

3. துரையின் டென்னிஸ்

விடுமுறையின் கடைசி வாரம், கிடங்கில் சரக்கு இறக்கும் ஷெட்டிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். "பொட்டி சரிஞ்சு ஆளு கால்மேல வுந்துட்ச்சும்மா. ஆஸ்பத்திரி வண்டி குடுங்க."

ஒரு கயிறும் மிச்சமில்லை. ஒரு பெரிய துரை வெகுநேரமாக நண்பரோடு மாலை டென்னிஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பிடுங்கிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு இணைப்புக் கொடுத்தேன். வண்டி போயிற்று, அந்த ஆளின் கால் பிழைத்தது.

வண்டி கிளம்பிய பிறகுதான், துரையின் பேச்சை வெட்டியது எனக்கு உறைத்தது. ஒரு கயிறு காலியானதும் துரையையே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொன்னேன். மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் ஷெட்டின் மூடி திரும்ப விழுந்தது. ரோஸம்மாள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, என் மன்னிப்பைப் பாதியில் பிடுங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும், பள்ளிக்கே போய்விடுகிறேன் என்றேன்.

"யாரு போவச் சொன்னா?" என்றார் கணவர்.

"நாளைக்குச் சொல்லுவாங்க."

"சொல்ற வரைக்கும் போயிட்டு வா."

மறுநாள் ரோஸம்மாள் கூப்பிட்டாள். "தொரை வேணாம்னு சொல்லியும் வெட்னே பாரு, நேத்துதான் நீ இந்த வேலைக்கு வந்தே. மன்னிப்புக்குன்னு ஒரு கயித்த வீணாக்கினியே, ஒன்ன வையக் கூப்ட்டது அதுக்குத்தான்."

"அப்படின்னா நான் தேறிட்டேனா?"

"தேறிட்டே."

"நிச்சயமாவா?"

"மூடி வுந்துகீது. அதைப் பாரு."

பழைய வேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு புது வேலையைப் பழகுவதில் தவறில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் விடுகிற நாளில் முழுக்க விட்டுவிடுங்கள்.

அன்று மாலையே தலைமையாசிரியரிடம் ராஜினாமாவைக் கொடுத்தேன். "நல்லா யோசிச்சீங்களாம்மா?" என்றார். என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. வரும் வழியில், அவருக்கு வருத்தமோ என்று திரும்பிப் போய்க் கேட்க நினைத்து நின்றேன். குழந்தைக்குப் பால் நேரமாகிவிட்டதால் வீட்டுக்கு நடந்தேன்.